கம்பி அறுவதற்கு முன்

இடி விழுந்தவன் சத்தம் கேட்டதில்லை, சத்தம் கேட்டவன்... அதற்கு மேல் பெரியப்பா என்ன சொன்னார் என்பது நாச்சிமுத்துவுக்கு வரவில்லை. தென்னந்தோப்பில் இடி விழுந்து செத்துப்போன பங்காளி ஒருவரின் கருமாதிப் பந்தலில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே எழுந்து நின்று பெரியப்பா பேசிய பேச்சு அது. பாதி வாக்கியம் நாற்பது வருஷமாக நெஞ்சுக்குள் கிடக்கிறது. மீதிப் பாதி, இலை போட்டாச்சு வாங்க என்று யாரோ கூப்பிட்ட கூச்சலில் போய்விட்டது. அது இப்போது ஏன் வந்தது என்பதில் ஒன்றும் மர்மமில்லை. சத்தம் இப்போதுதான் அடங்கியிருக்கிறது. எஃகுத் தகடு அடித்த அறைக்குள், தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஐந்தாவது சாணைச் சக்கரம் வெடித்து, துண்டுகள் சுற்றிலும் அடுக்கியிருந்த மரக்கட்டைகளில் போய்ச் சொருகிக்கொண்டு, தவிட்டு நிறத்தில் தூசி எழும்பி, எழும்பிய இடத்திலேயே தயங்கி நின்றுகொண்டிருந்தது. காலை பதினொன்றே முக்கால். சத்தம் கேட்டு அவன் தோள் குலுங்கியது, கண் மூடியது, கை சிவப்புப் பொத்தானை நோக்கிப் போனது, எல்லாம் முடிந்த பிறகு. உடம்பு எப்போதுமே கால் நொடி பிந்தித்தான் வருகிறது. கால் நொடியில் ஒரு சக்கரம் பத்துப் பன்னிரண்டு தடவை சுற்றிவிடும். உடைவதற்கு அதில் ஒரு சுற்றுகூட வேண்டாம். அதனால்தான் கையை நம்பாதே என்று அவன் கம்பி கட்டியிருந்தான். கணபதி ஏரியாவில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கேட்டு வாங்கிய, தலைமயிர் கனமுள்ள செப்புக் கம்பி. சக்கரத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளி வளையமாக இழுத்துக் கட்டி, அதில் சொட்டு மின்சாரம் ஓடவிட்டால் போதும். முதல் துண்டு பறந்து கம்பியை அறுக்கும், மின்சாரம் நிற்கும், நின்றதும் கேமராவுக்குச் செய்தி போகும். சக்கரங்களை ஓட்டிச் சோதிக்கிற இந்த லேபில் அதை டிரிகர் என்பார்கள். டிரிகர் கட்டியாச்சா, டிரிகர் அடிச்சுதா. பதினைந்து வருஷம் அவன் வேலை பார்த்த ஜெர்மன் ஊரில் அதற்குச் சொல்லும் சொல்லில் கட்டு அவிழ்வது என்கிற அர்த்தம் உள்ளே கிடக்கும். அங்கே அவிழ்கிறது, இங்கே அறுகிறது. எதுவாக இருந்தாலும் செய்தி போவது காரியம் நடந்த பிறகுதான்.

ஆனால் கேமரா மனுஷனைப் போல அதற்குப் பிறகு விழித்துக்கொள்வதில்லை. அது முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறது. நொடிக்கு ஐம்பதாயிரம் படம். அதன் நினைவில் இரண்டு நொடிக்குத்தான் இடம், நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதும், ஒரே சிலேட்டில் எழுதி எழுதி எச்சில் தொட்டு அழிக்கிற பிள்ளை மாதிரி. கம்பி அறுந்தால் இன்னும் ஒரு நொடி மட்டும் எழுதிவிட்டுக் கையை எடுத்துவிடும். அறுந்ததற்கு முந்திய நொடியும் பிந்திய நொடியும் அப்படியே நிற்கும். நாச்சிமுத்துவுக்கு இதை முதன்முதலில் சொல்லிக்கொடுத்தபோது அவன் அன்று ராத்திரி தூங்கவில்லை. நடந்த பிறகு சொன்னால் போதும், நடப்பதற்கு முன்னால் இருந்தது கிடைத்துவிடும் என்கிற ஏற்பாடு இந்த உலகத்தில் ஒரு பெட்டிக்கு மட்டும் வாய்த்திருக்கிறது. மனுஷனுக்குச் சத்தம் கேட்கிறது, திரும்புகிறான், தரையில் கிடப்பதைப் பார்க்கிறான், அதை வைத்துக்கொண்டு முந்திய நொடியைத் தானாக இட்டுக்கட்டிக்கொள்கிறான். இட்டுக்கட்டியதை எழுதியும் வைக்கிறான். அரசூர்ப் பக்கத்து நூல் மில்லில், இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், அவன்... வேண்டாம். அது இப்போது வேண்டாம். திரையைப் பார். திரையில் சக்கரம் உடையாமல் நின்றது.

அவன் குமிழைத் திருப்பி ஒவ்வொரு படமாக நகர்த்தினான். முன்னால் நகர்த்தினால் முழுச் சக்கரம், பிறகு ஒரு மயிரிழை, பிறகு இரண்டு, பிறகு மூன்று துண்டுகள் ஒன்றையொன்று முகம் பார்க்காமல் விலகிப் போவது. பின்னால் நகர்த்தினால் மரக்கட்டையில் சொருகியதெல்லாம் கழன்று வந்து, தூசி உள்ளே உறிஞ்சப்பட்டு, துண்டுகள் கூடி, விரிசல் மூடி, எதுவுமே நடக்காததுபோல் முழுச் சக்கரம் சுற்றியது. பின்னால் நகர்த்துவதில் ஒரு சுகம் இருந்தது, அசிங்கமான சுகம். நான்கே நான்கு படங்களில் இருந்தது விஷயம். விரிசல் நடுத்துளையிலிருந்து கிளம்பவில்லை. நடுத்துளையிலிருந்து கிளம்பியிருந்தால் சக்கரத்தை மாட்டியவன் அதிகமாக இறுக்கிவிட்டான் என்று அர்த்தம், மாட்டியவன் தப்பு. இது துளைக்கும் விளிம்புக்கும் நடுவில், சக்கரத்தின் உடம்புக்குள், பசை பிடிக்காமல் போன ஒரு பொட்டிலிருந்து கிளம்பி இரண்டு பக்கமும் ஓடியிருந்தது. செய்யும்போதே அதற்குள் இருந்த பொட்டு. மாவு சரியாகக் கலக்காத இட்லிக்குள் வெள்ளையாக ஒரு கட்டி இருக்குமே, அப்படி. வேகம் நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது சுற்று. சக்கரத்தின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் மூவாயிரம் வரை ஓடும் என்று போட்டிருந்தது, பக்கத்தில் ஒரு சிங்கத்தின் படம்.

நான்கு சக்கரங்கள் நேற்றும் இன்று காலையிலும் மூவாயிரத்தைத் தாண்டி, நாலாயிரத்தைத் தாண்டி, ஒன்றும் ஆகாமல் ஓடிக் காட்டின. ஐந்தாவதும் ஓடியிருந்தால் இந்நேரம் டீ குடித்துக்கொண்டிருப்பான். ஐந்தையும் அனுப்பியது சக்கரம் செய்த கம்பெனிதான், தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டதால். வார்ப்படப் பட்டறையில் பிசிறு அரைத்துக்கொண்டிருந்த மாரப்பன் என்ற ஆள், இவை வார்த்த அதே அச்சில் அதே வாரத்தில் வார்த்த சக்கரம் ஒன்று வெடித்து, தாடையில் பட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே செத்துப்போனான். சக்கரம் நல்ல சக்கரம், அவன்தான் சரியாக மாட்டவில்லை, மூடியையும் கழற்றிவிட்டு அரைத்திருக்கிறான் என்று கம்பெனி சொன்னது. பட்டறையும் அதையே சொன்னது. செத்தவனைத் தவிர எல்லாரும் அதையே சொன்னார்கள். ஐந்து சக்கரமும் தாங்கினால் அந்தப் பேச்சு காகிதத்தில் ஏறிவிடும். ஒன்று தாங்காவிட்டால் ஏறாது. கம்பெனி ஐந்தோடு ஆறாவதாக ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தது. பெட்டியின் மேல் பேனாவில், தேவைப்பட்டால், என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை நேற்றுக் காலையில் படித்தபோதே அவனுக்கு நாக்கு கசந்தது. ஆனாலும் பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்தான், முகம் பார்த்து நேராக, எழுத்து தெரியும்படி.

மேசைமேல் ஃபோன் அடித்தது. மாடியில் இருக்கிற மச்சான் வெள்ளிங்கிரி, மனைவி கோமதியின் அண்ணன், இந்த லேபின் முதலாளி. "மாப்ள, சத்தம் இங்க வரைக்கும் வந்துச்சுங்க. என்னாச்சு?" "ஒடஞ்சிருச்சுங்க மச்சான்." "நாலாயிரத்துக்கு மேல போயிருக்குமே?" "ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது." மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்பப் பிரியமாக, "மாட்டுனதுல ஏதோ கோளாறுங்க மாப்ள" என்றார். "மாட்டுனது நானுங்க." "அதுக்கென்னங்க, ஜெர்மன்ல இருந்து வந்தா கை வழுக்காதா? மனுசக் கைதானுங்களே. சோதனை விதியிலேயே இருக்குதே, மாட்டுனதுல பிழைன்னா அந்தத் தடவை கணக்குல சேராது, இன்னொண்ணு ஓட்டலாமுன்னு. தயார் அடிச்சுட்டு ஆறாவதை மாட்டுங்க. நான் டீயோட கீழ வாறேன்." "மச்சான், வீடியோவுல..." "வீடியோவை யாருங்க கேட்டாங்க? ரிப்போர்ட்டுத்தான கேட்டாங்க." வைத்துவிட்டார். கோபமே இல்லாத மனுஷன். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஜெர்மனியில் வேலை போய், ஆறு மாதம் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனை, வாங்க மாப்ள, உங்களுக்குன்னே ஒரு லேப் போடறேன் என்று கூப்பிட்டு, கடன் வாங்கி இந்தக் கேமராவை இறக்கி, பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை அவன் கையாலேயே நசுக்கவைத்தவர். அந்தப் பிரியத்துக்கு ரசீது கிடையாது. அதுதான் அதிலுள்ள கஷ்டம்.

தயார் என்றும் சேமி என்றும் திரையில் இரண்டு கட்டங்கள். இரண்டையும் தமிழில் எழுதவைத்தது அவன்தான். சேமி என்றால் கேமராவின் நினைவிலிருப்பது கம்ப்யூட்டருக்குப் போகும், பதினொரு நிமிஷம் ஆகும். தயார் என்றால் இருப்பதை அழித்துவிட்டு அடுத்ததற்குக் கண்ணைத் திறந்துகொள்ளும். இரண்டில் ஒன்றை அழுத்தாமல் அறைக்கதவு திறக்காது. அந்தப் பூட்டையும் அவன்தான் யோசித்து வைத்தான். தொடக்கத்தில் ஒருநாள் யாரோ கதவைத் திறந்து சக்கரத்தை மாற்றி ஓட்டி உடைத்தும் விட்டார்கள், கேமராவைத் தயார் செய்ய மறந்தே போனார்கள், ஒரு பகல் வேலை வீண். இனி ஒருத்தனும் மறக்க முடியாது என்று கதவின் பூட்டைக் கேமராவோடு முடிந்துவைத்தான். மச்சான் அப்போது எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார், எங்க மாப்ள மறதிக்கே பூட்டுப் போட்டுட்டாரு. இப்போது அந்தப் பூட்டுக்கு முன்னால் நிற்கிறான். அழுத்தாமல் நின்றுகொண்டேயிருக்கலாம். நின்றால் ஒன்றும் அழியாது, ஒன்றும் சேராது. சக்கரத்தின் துண்டுகள் உள்ளேயே கிடக்கும். துண்டு போதாதா, துண்டை வைத்தே சொல்லிவிடலாமே? முடியாது. எல்லாத் துண்டும் கட்டையில் அடிபட்டு மறுபடி நூறு இடத்தில் உடைந்திருக்கிறது. அதில் எது முதல் விரிசல் என்று எவனும் சொல்ல முடியாது. முதல் விரிசல் நான்கு படங்களில் மட்டும்தான் இருக்கிறது. உலகத்தில் வேறு எங்கும் இல்லை. அவன் தலையிலும் இருக்கிறது, ஆனால் தலையில் இருப்பது கணக்கில்லை.

போன வாரம் அவள் வந்திருந்தாள், மாரப்பனின் மனைவி மயிலாத்தா. யார் சொல்லி வந்தாளோ, வாசலில் வாட்ச்மேனோடு வாதாடிக்கொண்டிருந்தவளை அவன்தான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தான். அது முதல் தப்பு. அவள் அழவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்கதான் சக்கரத்தைச் சுத்திப் பாக்கறவருங்களா?" என்றாள். ஆமாம் என்றான். "அவரு தட்டிப் பாக்காம ஒண்ணையும் மாட்ட மாட்டாருங்க. கட்டைப்புடியால தட்டுவாரு. நல்லதுன்னா மணி மாதிரி கேக்கும், கீறல் இருந்தா சொத்துன்னு கேக்கும்னு வீட்ல வந்தும் அதே பேச்சுத்தான். பானை வாங்குனா தட்டுவாரு, தேங்கா வாங்குனா தட்டுவாரு. என்ற மண்டையத் தட்டிப் பாத்துட்டுத்தான் தாலி கட்டுனாருன்னு என்ற நங்கையா, அவரு அக்கா, இன்னும் கேலி பேசும்." சிரித்தாள், சிரித்துவிட்டதை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னதுதான் இப்போது காதில் நிற்கிறது. "அவரு மேல தப்பு இல்லைன்னு எழுதச் சொல்லி நான் வரலீங்க. தப்பு இருந்துச்சுன்னா அதையும் சொல்லீருங்க. என்ற பையன் கேக்கறான், அப்பா தப்புப் பண்ணுச்சான்னு. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாத்தான் நான் அவனுக்கு என்னத்தையாவது சொல்ல முடியுமுங்க." நாச்சிமுத்து பார்க்கலாம் என்றான். பார்க்கலாம். பார்த்துவிட்டான். இந்த வகைச் சக்கரம் பசை போட்டு வார்த்தது, அதைத் தட்டினால் மணி மாதிரி கேட்காது, உள்ளே பொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி மந்தமாகத்தான் கேட்கும் என்பதை அவளிடம் அவன் சொல்லவில்லை. மாரப்பன் தட்டியிருப்பான். காதை வைத்திருப்பான். எப்போதும்போல இருக்கிறதே என்று மாட்டியிருப்பான்.

பல்லிடுக்கில் தூசி. கண்ணாடியைத் தாண்டி எப்படி வருகிறது என்று தெரியவில்லை, ஒவ்வொரு தடவையும் வருகிறது, நாக்கில் சுட்ட மண்ணும் கந்தகமும் கலந்த ருசி. மில்லில் பஞ்சுத் தூசி இப்படித்தான் இருக்கும், ஆனால் அது இனிக்கும். சரி, அந்த நினைப்பும் வரட்டும், தடுத்து என்ன ஆகப்போகிறது. பஞ்சைச் சிக்கெடுக்கிற மெஷினின் மூடியைத் திறந்தால் மெஷின் நிற்கவேண்டும், அதற்கென்று மூடியில் ஒரு விசை இருக்கும். நின்று நின்று ஓடினால் உற்பத்தி படுத்துவிடும் என்று விசையைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பார்கள், மூடி திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பும்படி. எல்லா மில்லிலும் அப்படித்தான், எல்லாருக்கும் தெரியும், தெரியும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் கம்பியை ஆறு மாதம் தினமும் பார்த்தபடி அவன் அந்த வரிசையில் நடந்திருக்கிறான், இருபத்துநாலு வயது சூப்பர்வைசர், சட்டைப் பையில் விசா பேப்பர். துளசிமணி என்ற பெண், திண்டுக்கல் பக்கம், பத்தொன்பது வயது. அவன் மூன்றடி தள்ளி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். சத்தம் கேட்டது. திரும்பினான். மூன்று விரல். சாயங்காலம் மேனேஜர் பதிவேட்டைத் தள்ளிவைத்து, பக்கத்துல நின்னது நீதானப்பா, நீயே எழுது என்றார். காரணம் என்று இருந்த இடத்தில் கவனக்குறைவு என்று எழுதினான். கையெழுத்து நன்றாக வந்தது. அதற்குள் கம்பியை யாரோ அவிழ்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். விசையில் கம்பி இருந்த இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் பளபளவென்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினான். நாற்பது நாள் கழித்து ஃபிராங்பர்ட்டில் இறங்கினான். அங்கே ஒரு கிழட்டு எஞ்சினியர், அவனுக்கு ஊரில் என்ன வேலை என்று கேட்டார். பாதுகாப்பு என்றான், ஜெர்மன் மொழியில், அப்போதுதான் கற்றுக்கொண்ட சொல். புதுச் சொல்லில் பொய் சொல்வது லேசாக இருந்தது, வேறு யாரோ சொல்வதுபோல.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். மச்சான் வருகிறார், டீயோடு வருகிறார், அவசரப்படாமல் வருகிறார். சேமி அழுத்தினால் என்ன ஆகும்? பதினொரு நிமிஷம் அவர் பக்கத்தில் நின்று டீ குடிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். சாயங்காலம் கோமதிக்கு ஒரு ஃபோன் போகும், அதிலும் ஒன்றும் சொல்லமாட்டார், சாப்டியா கண்ணு என்பார். லேபுக்கு வருகிற சோதனைகளில் முக்கால்வாசி அந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது, அது நிற்கும். பதினொரு பேர் வேலை பார்க்கிறார்கள். பதினொரு பேர், பதினொரு நிமிஷம், இதிலெல்லாம் ஒரு பொருத்தம் இருப்பதுபோல் மனசு கோர்த்துக் காட்டுகிறது, ஒன்றும் கிடையாது. தயார் அழுத்தினால்? மாட்டியதில் பிழை என்று எழுதவேண்டும். மாட்டியவன் நாச்சிமுத்து. அப்படியென்றால் இந்தத் தடவை கவனக்குறைவு என்று எழுதப்படுவது அவன் பேர்தானே, அவன் கையாலேயே, அவன் மேலேயே. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி மேல் எழுதியதை இன்று தன் மேல் எழுதிக்கொள்கிறான், செய்யாத தப்பை ஏற்றுக்கொள்கிறான், அதில் ஒரு நேர் இருக்கிறதே, ஒரு கழுவாய் மாதிரி... அந்த எண்ணம் எவ்வளவு அழகாக வந்து நிற்கிறது பார், குளித்து, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு. மாரப்பனின் மகன் அதில் எங்கே இருக்கிறான்? ஐந்தாவது கணக்கில் சேராது, ஆறாவது நாலாயிரம் சுற்றும், சக்கரம் நல்ல சக்கரம், அப்பா தப்புப் பண்ணுச்சு. தெரிந்துதான் இருக்கிறது. எல்லாமே தெரிந்துதான் இருக்கிறது, அதுதான் அவன் வாழ்க்கையின் கேவலம். தெரியாமல் ஒன்றையும் அவன் செய்ததில்லை. கம்பி அறுவதற்கு முந்திய நொடி அவனுக்கு எப்போதும் கிடைத்தே வந்திருக்கிறது.

இடி விழுந்தவன் சத்தம் கேட்டதில்லை, சத்தம் கேட்டவன் சாட்சி. அப்படித்தான் முடித்தாரா பெரியப்பா? அல்லது சத்தம் கேட்டவன் பிழைத்தவன், போய்ச் சாப்பிடுங்கள் என்று முடித்தாரா? இலை போட்டிருந்தது, எல்லாரும் எழுந்துதான் போனார்கள், பெரியப்பாவும் போனார், வடைக்கு முந்திக்கொண்டு. மாடிப்படிப் பக்கத்துக் கதவு திறந்தது. மச்சான் இரண்டு டம்ளரையும் ஒரே கையில் விரல் கோர்த்துப் பிடித்திருந்தார், அவனுடையதில் சர்க்கரை கம்மி, அதை மறக்கமாட்டார். திரையைப் பார்த்தார். திரையில் விரிசல் விழுந்த இரண்டாவது படம் நின்றது, உடம்பின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஓடுகிற வெள்ளை மயிரிழை. "இது என்னங்க மாப்ள, மின்னல் மாதிரி?" என்றார். "ஆமாங்க மச்சான், மின்னல் மாதிரித்தான்." "ஆறிப்போகுது, குடிங்க." நாச்சிமுத்து டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தான். அலமாரியிலிருந்து ஆறாவது சக்கரத்தின் பெட்டியை எடுத்தான். பதிவேட்டில் ஐந்தாவது வரிசையில், மாட்டியதில் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். தயார் என்பதை அழுத்தினான். அறைக்கதவின் பூட்டு விடுபட்டது.